நான்காவது ஸ்லைடில் ஒன்றும் இல்லை

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

இதைத் தாங்கள் ஒருவர் மட்டும் படிக்க வேண்டும், வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஏட்டு ஐயாவிடமும் வேண்டாம், அவர் எங்கள் பெரியப்பாவுக்கு வேண்டியவர். அப்பாவிடம் காட்டினால் அவர் என்னை அடிக்க மாட்டார், ஆனால் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்க மாட்டார். அம்மா மாத்திரை போட்டுத் தூங்குகிறார். நான் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை பள்ளிக்கூடம் போகும் வழியில் தங்கள் மேசையில் நானே கொண்டுவந்து வைப்பேன்.

என் பெயர் நித்யஸ்ரீ. வயது பதினைந்து. தந்தை பெயர் நஞ்சுண்டன், லாரி ஓட்டுநர். தாய் பெயர் தெய்வாத்தாள், விவசாய வேலை. பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறேன். ஆனைமலைக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்புச் சாளையில் குடியிருக்கிறேன். அடுத்த சாளையில் பெரியப்பா திருமலைசாமியும் பெரியம்மா பூவாத்தாளும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மேல் எங்கள் வீட்டார் கொடுத்த புகாருக்காகக் கடந்த ஞாயிறு 15.9.96 அன்று ஏட்டு ஐயா வந்து என்னை விசாரித்து எழுதிக்கொண்டு போனதில் ஒரு பகுதி பொய். அவர் எழுதிய முறையிலேயே இதை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மாவின் இடது மூக்கில், மூக்குத்திக்குச் சற்று மேலே, துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி வந்தது. வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளப்பாக இருக்கும், வலிக்காது. மூக்குத்தி உறுத்துகிறது என்று நினைத்து அம்மா அதைக் கழற்றி வைத்தார், கட்டி போகவில்லை. அதன் பிறகு பெரியப்பா அது பாலுண்ணி என்று சொல்லி, சேங்கொட்டை எண்ணெயை ஊசி முனையில் தொட்டு அமாவாசைக்கு அமாவாசை வைத்தார். எங்கள் பக்கத்தில் மரு எடுக்க எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள், அவர் யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். ஒவ்வொரு முறையும் மேலே கருகி உதிரும், பத்து நாளில் ஓரத்தில் மறுபடி பளபளக்கும். ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. அதன் பிறகு கட்டியின் நடுவில் குழி விழுந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது.

ஜூலை மாதம் அம்மா பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே துளி சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். தோலில் புற்றுநோய் என்று எழுதி, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் சாஜிதா பேகம் என்பவரைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தச் சீட்டை நான்தான் வீட்டில் படித்துக் காட்டினேன். பெரியப்பா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு, "புத்துல கத்தி பட்டா ஒடம்பு பூராவும் பரவிப்போகும். என்ற கண்ணுல ரெண்டு பேரு அப்படிப் போனதைப் பாத்தவன் நானு. ஆஸ்பத்திரிப் பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம்" என்றார். அப்பா அண்ணன் பேச்சை மீற மாட்டார். சரி என்றுவிட்டு, தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் போய்விட்டார்.

29.8.96 வியாழக்கிழமை காலை அம்மா என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று சொல்லி, கோயம்புத்தூர் உக்கடத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவதாகப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அம்மணி, பயமா இருந்தா சித்தி ஊட்டுலயே இரு, நான் மட்டும் போய்ட்டு வாரேன்" என்றார். நான் இல்லை என்றேன்.

என் அம்மாவை டாக்டர் உள்ளே கூப்பிட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது வெளியே மேசையில் இருந்த அக்கா என்னிடம் ஒரு பாரத்தைக் கொடுத்தார். "உங்கப்பாகிட்ட இதுல கையெழுத்து வாங்கிட்டு வா கண்ணு. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம இங்க தியேட்டருக்குள்ள விடமாட்டாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த தேதி நவம்பர்லதான்" என்றார். அப்பா பம்பாயில் என்று சொல்லாமல், "கீழ டீக்கடைல இருக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு பாரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி, சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கேரியர் மேல் வைத்து, என் ரேங்க் கார்டில் அப்பா போடும் மாதிரியே கே. நஞ்சுண்டன் என்று போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். அந்தக் கையெழுத்தைப் போட்டது நான். வேறு யாரும் இல்லை. அம்மாவுக்கும் டாக்டருக்கும் இன்று வரை தெரியாது. அம்மா தன் சம்மதத்தை உள்ளே தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு பத்தரை மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை, மூக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அம்மா கடைசி வரை விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஊசி போட்டு நினைவில்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்று புகாரில் இருப்பது சரியல்ல. கால் மணி நேரத்தில் மூக்கில் கட்டுடன் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது நர்ஸ் ஒரு சின்னத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனார். அந்த அறையின் கதவில் பாதி கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன்.

உள்ளே டாக்டரும், லேப் வேலை பார்க்கும் ரசாக் என்பவரும் இருந்தார்கள். தட்டில் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு சதைத் துண்டு இருந்தது. டாக்டர் அதை இரண்டாக நறுக்கி, ஓரங்களுக்குத் தீக்குச்சி முனையால் மை தொட்டு வைத்தார். கண் பக்கம் நீலம், உதட்டுப் பக்கம் சிவப்பு, நடுவில் வெட்டிய இடத்துக்குக் கறுப்பு. அதன் பிறகு ஒரு தாளில் அம்மாவின் மூக்கை வரைந்து, அதே இடங்களில் அதே நிறங்களில் கோடு போட்டார். சமூக அறிவியலில் நாங்கள் வரைபடம் குறிப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அது என் அம்மாவின் மூக்கு.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு ரசாக் அண்ணன் கதவைத் திறந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும், கோட்டைமேட்டுக்காரர் என்று பிறகு சொன்னார். "என்ன அம்மணி, குச்சி ஐஸ் வேணுமா? இந்த மெஷினைப் பாத்தா தினம் ஒருத்தர் கேக்கறாங்க" என்றார். அறை நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிர். அதற்குள்ளேயே ஒரு கத்தியும் இருந்தது. சதைத் துண்டைப் பசை மாதிரி ஒன்றில் வைத்து உறைய வைத்து, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் கத்தியில் ஒரு சீவல் விழும். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூரிகை முனையால் எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டினார். "தலைமுடி ஒண்ணை நின்னவாக்குல பத்தாப் பொளந்தா அதுல ஒண்ணு இது" என்றார். நான் நம்பவில்லை. வெளிச்சத்தில் காட்டினார். ஸ்லைடில் எதுவுமே இல்லாதது போல இருந்தது.

அடியில் மிச்சம் இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நல்ல கேள்வி. தேங்காத்தொட்டி ஒண்ணை அமுத்தித் தட்டையாக்க முடியும்னு வெச்சுக்க. ஓரமும் அடியும் ஒரே மட்டத்துக்கு வந்துருமல்ல? உறையறதுக்கு முன்னாடி சதையை அப்படித்தான் படிய வெக்கறேன். டாக்டரம்மா கத்தி போன எடம் பூராவும் ஒரே சீவல்ல வந்துரும், ஒரு எடமும் தப்பாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு ஸ்லைடை வரிசையாக இருந்த கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஊதாவும் ரோஜா நிறமும் ஏறியது. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே என்னிடம், "எந்த க்ளாஸ்?" என்றார். பத்தாவது என்றேன். "வெங்காயத் தோல் பாத்திருக்கியா?" "பாத்திருக்கனுங்க." "அப்ப வா. இதைப் பாரு. அழகா இருக்கும், ஆனா மோசமானது" என்று, எதிரில் இருந்த இன்னொரு கண்குழாயைக் காட்டினார். அந்த மைக்ரோஸ்கோப்பில் இருவர் ஒரே சமயத்தில் பார்க்கலாம்.

ஐயா, நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரோஜா நிறத்தில் ஒரு பெரிய வயல். அதில் அலை அலையாக இழைகள். முறுக்குப் பிழிந்து வைத்தது போல ஒன்று சுருண்டிருந்தது, அது வேர்வைச் சுரப்பி என்றார். களை வெட்டும்போது அம்மாவின் மூக்கு நுனியில் சொட்டும் வேர்வை அங்கிருந்துதான் வருகிறது. வயலின் ஒரு மூலையில் கரு ஊதாவில் ஒரு கூட்டம். அதன் ஓரத்து செல்கள் எல்லாம் வேலிக்கால் நட்டது போல நெருக்கமாக, ஒரே வரிசையில் நின்றன. "இதுதான்" என்றார் டாக்டர். இரண்டு வருடமாக வீட்டில் எல்லோரும் வெளியில் இருந்து பார்த்துப் பேசியது இதைப் பற்றித்தான். நான் அதை உள்ளேயிருந்து பார்த்தேன். கண்ணை எடுத்தால் மறைந்துவிடுமோ என்று இருந்தது.

அதன் பிறகு டாக்டர் வரைபடத்தில் இரண்டு இடங்களில் மட்டும் சிவப்புப் பென்சிலால் தீட்டினார். "மிச்ச எடமெல்லாம் சுத்தம். இந்த ரெண்டு எடத்துல மட்டும் போவேன், நல்ல தோலை ஒரு பொட்டுகூடத் தொடமாட்டேன்" என்றார். அம்மாவை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள்.

இரண்டாம் முறை எடுத்ததில் உதட்டுப் பக்கம் சுத்தமாக இருந்தது, கண் பக்கம் இன்னும் ஊதா இருந்தது. மூன்றாம் முறை கண் பக்கத்தில் ஆழத்தில் ஒரே ஒரு சிறு கூட்டம் மட்டும் இருந்தது, கம்பு மணியைவிடச் சிறியதாகத் தெரிந்தது. சேங்கொட்டை மேலே மட்டும் சுட்டதால் அடியில் அது வேர் மாதிரி ஓடிவிட்டது என்று டாக்டர் ரசாக் அண்ணனிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, எனக்குக் கேட்டுவிட்டது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்ட்ராவில் பால் குடித்தார். "செவலைக்குப் பொழுதோட யாரு பால் பீச்சுவா, உன்ற பெரியம்மாவை அது கிட்டவே சேத்தாதே" என்று எங்கள் மாட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, "ஏனுங்க டாக்டரம்மா, எனக்கும் கொஞ்சம் மூக்கு மிச்சம் வெப்பீங்களா?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெப்பேனுங்க" என்றார். ரசாக் அண்ணன் என்னிடம், "உங்கப்பா டீக்கடையிலயே குடித்தனம் வெச்சுட்டாரா? மேல வரவே காணோம்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான்காம் முறை எடுத்த ஸ்லைடை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் இருந்து ஓரம் வரை நகர்த்தினார், அதன் பிறகு மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். குளிர்ப்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "நித்யஸ்ரீ, நீ பாரு. ஊதாக் கூட்டம் எங்கயாச்சும் தெரியுதா?" என்றார். அவ்வளவு படித்தவர் என்னிடம் கேட்டார். நான் பார்த்தேன். ரோஜா வயல். ஒரு மயிர்க்கால். ஒரு சுரப்பி. மூலை மூலையாகத் தேடினேன். "இல்லீங்க" என்றேன். "எனக்கும் இல்லை" என்று சொல்லி வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு நேரம் எழுதினார். பிற்பகல் மூன்று ஐந்து. ரசாக் அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக் கையேந்தினார். நான் வெளியே அம்மாவிடம் ஓடினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

இந்த நான்கு முறையைத்தான் புகாரில், நல்ல மூக்கை நான்கு தடவை அறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது.

அதன் பிறகு மறுநாள் வேறொரு டாக்டர் அந்தக் குழியை மூடினார். ஒரு ரூபாய் நாணயம் அளவு குழி. நெற்றித் தோலில் ஒரு பட்டை எடுத்து, புருவத்துப் பக்கம் ஒட்டியபடியே விட்டு, முறுக்கித் திருப்பி மூக்கில் வைத்துத் தைத்தார். "பதியன் போடறது தெரியுமல்லங்க? வேர் பிடிக்கற வரைக்கும் தாய்க்கொடியை அறுக்கக் கூடாது. வேர் பிடிச்சப்புறம் அறுக்காமலும் விடக் கூடாது. மூணு வாரம் கழிச்சு, 19ஆம் தேதி வந்துருங்க, அறுத்துச் சமன் பண்ணிப் போடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு உடனே புரிந்தது.

ஆனால் எங்கள் சாளையில் யாருக்கும் புரியவில்லை. 2.9.96 திங்கட்கிழமை வீடு வந்தோம். நெற்றியில் இருந்து மூக்கு வரை தொங்கிய சதைப் பட்டையைப் பார்த்துப் பெரியம்மா கத்திவிட்டார். "தும்பிக்கையாட்ட வெச்சு ஊட்டுக்குத் தாட்டியிருக்கறாங்களே, ஒறம்பரைச் சனம் முகத்துல எப்படி முழிக்கறது" என்று அழுதார். பெரியப்பா தோப்புக்குள் போய்விட்டார். நான் அவரிடம் போய் வேர் என்றும் ஊதா என்றும் வரைபடம் என்றும் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நான் வெச்ச மருந்தாலதான் வேர் உட்டுச்சுன்னு சொல்றியா அம்மணி?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் டாக்டர் அறுத்ததைப் பற்றி மட்டுமே பேசினார்.

5ஆம் தேதி அப்பா வந்தார். 9ஆம் தேதி கோயம்புத்தூர் போய், யாரைக் கேட்டு அறுத்தீர்கள் என்று கேட்டார். அவர்கள் பாரத்தைக் காட்டினார்கள். "இது என்ற கையெழுத்தே இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். அது உண்மைதான். என்னிடமும் கேட்டார். தெரியாது என்றேன்.

அதன் பிறகு 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். நியாயம் கேட்டு நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூச வேண்டும், பெற்றவளுக்காக நான்தான் அரைக்க வேண்டும் என்றார்கள். அரைத்தேன். கை எரிந்தது. "கள்ளக் கையெழுத்துப் போட்டவன் எவனோ அவன் கை இப்படியே எரியோணும்" என்று பெரியம்மா வேண்டினார். நான் மிளகாய்க் கையை அம்மன் பார்க்காதபடி பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் புகார் கொடுத்தார்கள். ஞாயிறு ஏட்டு ஐயா வந்தார். அம்மா தன் விருப்பத்தில்தான் செய்துகொண்டதாகச் சொன்னார். ஏட்டு ஐயா, "அதெல்லாம் சரீங்க, வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டது யாரு?" என்றார். பெரியப்பா என் தோளில் கை வைத்து, "ஆஸ்பத்திரி ஆளு எவனோ போட்டதைப் பாத்தேன்னு சொன்னயல்ல, சொல்லு கண்ணு" என்றார். நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனாலும் தலையாட்டினேன். ஏட்டு ஐயா பேர் கேட்டார். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் பேர்தான் எனக்குத் தெரியும். ரசாக் என்றேன்.

இன்று மாலை பெரியப்பா சொல்லித்தான் ரசாக் அண்ணனை நேற்று ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து வைத்திருப்பது தெரிந்தது. கேஸ் முடியும் வரை அம்மாவைத் தொட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். பொள்ளாச்சியில் காட்டினோம், போலீஸ் கேஸ் என்றதும் அவர்களும் கைவிரித்துவிட்டார்கள். பட்டையின் அடிப்பக்கம் திறந்த சதை. நேற்றிலிருந்து அதில் கெட்ட வாடை வருகிறது. 19ஆம் தேதி நாளை மறுநாள்.

ரசாக் அண்ணன் அந்தப் பாரத்தைத் தொடவே இல்லை. அவர் தொட்டது என் அம்மாவின் சதையை மட்டும்தான், அதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டார். அவரை விட்டுவிடுங்கள். டாக்டரிடம் தாங்களே ஒரு வார்த்தை சொல்லி அம்மாவை வியாழக்கிழமை சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த வரைபடமும் நான்கு ஸ்லைடுகளும் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள்.

மேலே எழுதிய ஒவ்வொன்றும் நான் கண்ணால் கண்டது, என் கையால் செய்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. முதலில் இருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன், அடித்துத் திருத்த ஒன்றும் இல்லை.

ந. நித்யஸ்ரீ
17.9.96

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது. என்னை ஜெயிலில் வைப்பதாக இருந்தால் வியாழன் கழித்து வையுங்கள். அம்மாவுக்குக் கட்டு மாற்ற வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு முன்பே வைத்தால் யாராவது ஒருவரைப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து மேலிருந்து கீழே மட்டும் துடைக்க வேண்டும், பட்டையை இழுக்கவே கூடாது, அதன் அடியில் வாஸ்லின் துணியைச் சன்னமாக மடித்து மூக்குத் துளையை அடைக்காமல்

கதவைத் தட்டுகிறார்கள்